ஓடிப்போன இளவரசன்: மேக்பெத் நாடகத்தில் மால்கம் எப்படி அரசனாகிறான்?

கேள்வி இதுதான்: “ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகத்தில் மால்கம் முதல் அங்கத்தில் பட்டத்து இளவரசன் ஆகிறான். இரண்டாம் அங்கத்தில் அப்பா கொல்லப்பட்டதும் ஓடிப்போகிறான். கடைசியில் இங்கிலாந்துப் படையோடு வந்து ஆட்சியைப் பிடிக்கிறான். இவனிடம் வளர்ச்சி என்று சொல்ல என்ன இருக்கிறது? பயந்தாங்கொள்ளிக்கு அதிர்ஷ்டம் அடித்தது, அவ்வளவுதானே?”

அவ்வளவுதான் என்று நானும் கல்லூரியில் படித்தபோது நினைத்தேன். பிறகு அதே நாடகத்தை வருடா வருடம் வகுப்பில் நடத்த வேண்டி வந்தது. எல்லோரும் மேக்பெத்தையும் அவன் மனைவியையும் பற்றியே கேட்பார்கள். மால்கமைப் பற்றிக் கேட்க ஆள் கிடையாது. அதனாலேயே அவனைக் கவனிக்க ஆரம்பித்தேன். இப்போது எனக்குத் தோன்றுவது: மால்கம் எச்சரிக்கைக்காரனாகத் தொடங்கி எச்சரிக்கைக்காரனாகவே முடிகிறான். கோழை வீரனாக மாறும் கதையை அவனிடம் தேடினால் கிடைக்காது. யாரை நம்புவது, எப்போது நம்புவது என்று கற்றுக்கொள்வதுதான் அவன் கதை. அவன் அப்பாவுக்கு வராத வித்தை அது.

முதலிலிருந்து பார்ப்போம். நாடகத்தில் மால்கமின் முதல் வேலை, ரத்தம் சொட்ட வந்து நிற்கும் ஒரு படைவீரனை அறிமுகப்படுத்துவது. “நான் சிறைபிடிக்கப்படாமல் காத்துப் போரிட்டவன் இவன்” என்கிறான். அதாவது இளவரசனை நாம் முதலில் பார்ப்பதே வேறொருவனால் காப்பாற்றப்பட்டவனாகத்தான். அதே காட்சியில் டங்கன் அரசனின் தளபதி மேக்பெத் எதிரியை வயிற்றிலிருந்து தாடை வரை கிழித்தான் என்ற செய்தி வருகிறது. இந்த இருவரில் அரசனாகப் பொருத்தமானவன் யார் என்று அங்கிருந்த வீரர்களைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதில் சந்தேகம் வேண்டாம்.

அடுத்து நான்காம் காட்சி. துரோகியான காடார் பிரபுவுக்கு மரண தண்டனை நிறைவேறிவிட்டதா என்று அரசன் டங்கன் கேட்கிறான். போனவர்கள் இன்னும் திரும்பவில்லை, ஆனால் அவன் சாவதைப் பார்த்த ஒருவரிடம் நான் பேசினேன் என்கிறான் மால்கம். இந்தப் பதிலைப் பலர் தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டது என்றே சொல்கிறான். தான் பார்த்ததுபோல் அளக்கவில்லை. அப்பா அப்படி இல்லை. ஒருவன் முகத்தைப் பார்த்து மனத்தைக் கண்டுபிடிக்கிற கலை எதுவும் கிடையாது, அந்த ஆளை நான் முழுசாக நம்பியிருந்தேன் என்று டங்கன் புலம்புகிறான். அவன் வாய் மூடுவதற்குள் மேக்பெத் உள்ளே வருகிறான். டங்கன் அவனையும் உடனே முழுசாக நம்புகிறான்! ஷேக்ஸ்பியர் இந்த இடத்தில் கொஞ்சம் குரூரமாகவே சிரிக்கிறார்.

அதே காட்சியில்தான் டங்கன் மால்கமைக் கம்பர்லாண்ட் இளவரசன், அதாவது அடுத்த அரசன், என்று அறிவிக்கிறான். அந்தக் கால ஸ்காட்லாந்தில் மூத்த மகனுக்கே முடி என்ற கட்டாயம் இல்லை. அரச குலத்தில் வயதுவந்த ஆண்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இருந்தது. எனவே இந்த அறிவிப்பு மேக்பெத்துக்கு நேரடியான அடி. இது ஒரு படி, இதில் நான் தடுக்கி விழ வேண்டும், இல்லாவிட்டால் தாண்ட வேண்டும் என்று அவன் தனக்குள் சொல்லிக்கொள்கிறான். மால்கம்? ஒரு வார்த்தை பேசவில்லை. நன்றிகூடச் சொன்னதாக நாடகத்தில் இல்லை.

இனி அந்த இரவு. மேக்பெத்தின் கோட்டையில் விருந்தாளியாகத் தங்கிய டங்கனை மேக்பெத்தே கொன்றுவிடுகிறான். உன் தந்தை கொல்லப்பட்டுவிட்டார் என்று மால்கமிடம் ஃபைஃப் பிரபு மேக்டஃப் சொல்கிறான். மால்கமின் பதில்: “ஐயோ, யாரால்?” இந்த வரியை வாசித்தால் வகுப்பில் எப்போதும் சிரிப்பு வரும். அப்பா செத்துக் கிடக்கிறார், இவன் என்னடா போலீஸ்காரன் மாதிரி விசாரிக்கிறானே என்று. ஆனால் அந்த அறையில் வேறு யாரெல்லாம் பேசுகிறார்கள் என்று பாருங்கள். மேக்பெத் பேசுகிறான், டங்கனின் வெள்ளித் தோல், பொன்னிற ரத்தம் என்று உவமை உவமையாக அடுக்குகிறான். லேடி மேக்பெத் மயங்கி விழுகிறாள். இத்தனை ஒப்பாரிக்கு நடுவில் மகன்கள் இருவர் மட்டும் பேசாமல் நிற்கிறார்கள். உணராத துக்கத்தைக் காட்டுவது பொய்யனுக்கு எளிதான வேலை என்று மால்கம் தம்பி டொனால்பெயினிடம் சொல்வது இதற்குப் பிறகுதான். கொலைகாரன் யார் என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரியாது. ஆனால் எந்தக் கண்ணீர் அளவுக்கு மிஞ்சியது என்று கண்டுகொண்டான். டங்கனால் ஒருபோதும் முடியாத காரியம் இது.

அப்புறம் ஓட்டம். அண்ணன் இங்கிலாந்துக்கு, தம்பி அயர்லாந்துக்கு. பிரிந்திருந்தால் இருவருக்கும் பாதுகாப்பு என்று கணக்குப் போடுகிறார்கள். விடைபெறும் மரியாதையெல்லாம் பார்க்க வேண்டாம், குதிரை ஏறுவோம் என்கிறான் மால்கம். இது கோழைத்தனமா? அங்கேயே இருந்திருந்தால் அடுத்த பிணம் அவனுடையதாக இருந்திருக்கும் என்பது என் கருத்து. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. அதை ஷேக்ஸ்பியர் மறைக்கவில்லை. ஓடியதால் கொலைப்பழி மகன்கள் மேல் விழுகிறது. சிம்மாசனம் காலியாகிறது, மேக்பெத் ஸ்கோனுக்குப் போய் முடிசூடுகிறான். தன்னைக் காப்பாற்றிக்கொண்டவன் நாட்டை ஒரு கொலைகாரனிடம் விட்டுப் போனான் என்பதும் உண்மைதான். உங்கள் கேள்வியில் இருக்கும் கோபத்துக்கு நியாயம் இங்கேதான் இருக்கிறது.

பிறகு நெடுநேரம் அவனைக் காணோம். திரும்ப வருவது நான்காம் அங்கத்தின் மூன்றாம் காட்சியில், இங்கிலாந்து அரசன் எட்வர்டின் அரண்மனையில். நாடகத்திலேயே மிக நீளமான காட்சி இது, ஏறக்குறைய 240 வரிகள். மேடையில் பெரும்பாலும் வெட்டித் தள்ளிவிடுவார்கள். மாணவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். மால்கமைப் புரிந்துகொள்ள வேறு எந்தக் காட்சியையும் விட இதுதான் வேண்டும்.

மேக்டஃப் வந்திருக்கிறான். வா, வாளெடுப்போம், ஸ்காட்லாந்து அழுகிறது என்கிறான். மால்கம் நகரவில்லை. தெரிந்ததை நம்புவேன், நம்பியதற்கு அழுவேன் என்று நிதானமாகப் பதில் சொல்கிறான். காடார் பிரபுவின் சாவைப் பற்றிச் சொன்ன அதே வாய். பிறகு குத்துகிறான்: நீ மேக்பெத்துக்கு வேண்டியவனாக இருந்தாய், உன்னை அவன் இன்னும் தொடவில்லையே? மனைவியையும் பிள்ளைகளையும் விடைகூடச் சொல்லாமல் அங்கே விட்டுவிட்டு வந்தாயே, ஏன்? இதற்கு முந்தைய காட்சியில்தான் அந்த மனைவியும் பிள்ளைகளும் கொல்லப்படுவதை நாம் பார்த்தோம். மேக்டஃபுக்குத் தெரியாது, மால்கமுக்கும் தெரியாது. நமக்கு மட்டும் தெரியும். அந்தக் கேள்வி நம் நெஞ்சில் இறங்கும் விதமே வேறு.

பிறகு மால்கம் தன்னைப் பற்றியே பொய் சொல்ல ஆரம்பிக்கிறான். என் காமத்துக்கு அடியே கிடையாது, உங்கள் மனைவியரும் மகள்களும் போதமாட்டார்கள் என்கிறான். மேக்டஃப் முகம் சுளிக்கிறான், ஆனால் சமாளித்துக்கொள்ளலாம் என்கிறான். பேராசை பிடித்தவன், பிரபுக்களின் நிலத்துக்காகவே அவர்கள் தலையை எடுப்பேன் என்கிறான். இது அதைவிட மோசம், இருந்தாலும் ஸ்காட்லாந்தில் உன் பசிக்குப் போதிய வளம் இருக்கிறது என்கிறான் மேக்டஃப். இங்கே எனக்கு மேக்டஃப் மேல் வருத்தம் உண்டு. நல்லவன்தான், ஆனால் ஒரு கொடுங்கோலனை இறக்க இன்னொருவனை ஏற்றிவிடத் தயாராக இருக்கிறான். மூன்றாவதாக மால்கம் நீதி, வாய்மை, அடக்கம், கருணை, பொறுமை, துணிவு என்று அரசனுக்குரிய 12 குணங்களை அடுக்கி, இதில் ஒன்றுகூட என்னிடம் இல்லை என்கிறான். அப்போதுதான் மேக்டஃப் உடைகிறான். ஆளத் தகுதியா, நீ உயிரோடு இருக்கவே தகுதியில்லாதவன் என்று கத்திவிட்டுக் கிளம்பப் பார்க்கிறான்.

மால்கமுக்கு வேண்டியிருந்தது அந்தக் கத்தல்தான். யோசித்துப் பாருங்கள். மேக்பெத் ஏற்கெனவே பலரை அனுப்பி ஆசைகாட்டி அவனைப் பிடிக்கப் பார்த்திருக்கிறான்; அதை அவனே சொல்கிறான். ஒற்றனாக வந்தவன் எதற்கும் தலையாட்டுவான், மால்கம் எப்பேர்ப்பட்ட அயோக்கியனாக இருந்தாலும் ‘வா, ஊருக்குப் போகலாம்’ என்றுதான் சொல்வான். ‘நீ வேண்டாம்’ என்று சொல்லக்கூடியவன் மட்டுமே உண்மையானவன். இன்பத்தையும் பொருளையும் காட்டிச் சோதித்த பிறகே ஒருவனைத் தெளிய வேண்டும் என்பது குறள் படித்த நமக்குப் பழகிய கணக்கு. ஆராயாமல் நம்புவது, நம்பிய பிறகு சந்தேகப்படுவது இரண்டுமே தீராத துன்பம் என்றும் அங்கே வருமே, அதில் முதல் பாதி டங்கன். இரண்டாம் பாதியில் விழாமல் தப்பிப்பதுதான் மால்கமின் சாமர்த்தியம். மேக்டஃப் தேறியதும் ஒரு நொடி தாமதிக்கவில்லை. நான் சொன்னதெல்லாம் பொய், என் வாழ்க்கையில் நான் சொன்ன முதல் பொய் இதுதான், அதுவும் என்னைப் பற்றியே என்று எல்லாவற்றையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறான். ஆங்கிலேயத் தளபதி சீவார்டின் தலைமையில் 10,000 வீரர்கள் தயார் என்ற ரகசியத்தையும் அப்போதே சொல்லிவிடுகிறான். மேக்டஃபுக்குப் பேச்சே வரவில்லை.

இந்தக் காட்சியை ஷேக்ஸ்பியர் தானாகக் கற்பனை செய்யவில்லை. 1577இல் வெளியான ஹோலின்ஷெட்டின் வரலாற்று நூலில் இந்தச் சோதனை அப்படியே இருக்கிறது. ஆனால் அதில் மேக்டஃபை உடைக்கும் மூன்றாவது குற்றம் பொய்யும் வஞ்சகமும். இன்னொரு பெரிய வித்தியாசம்: ஹோலின்ஷெட்டில் மேக்டஃப் தன் குடும்பம் கொல்லப்பட்டது தெரிந்தே, பழிவாங்கத்தான் இங்கிலாந்து வருகிறான். ஷேக்ஸ்பியர் அந்தச் செய்தியைப் பின்னால் தள்ளி, மால்கமின் கண்முன்னால் வரவைக்கிறார். ஏன் என்று கேட்டால், மால்கமின் படிப்பில் ஒரு பாடம் பாக்கி இருந்தது என்பேன்.

ராஸ் என்ற ஸ்காட்லாந்துப் பிரபு வந்து செய்தியைச் சொல்கிறான். மால்கம் முதலில் நன்றாகத்தான் தொடங்குகிறான்: துக்கத்துக்கு வார்த்தை கொடு, பேசாத துக்கம் நெஞ்சை உடைத்துவிடும். இரண்டாம் அங்கத்தில் வாயை மூடிக்கொண்டு குதிரை ஏறியவன் சொல்கிறான் இதை! அது அவன் பட்டுத் தெரிந்துகொண்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் உடனே அவசரப்படுகிறான். பழிவாங்குவதுதான் மருந்து என்கிறான். என் பிள்ளைகளுமா, எல்லோருமா என்று மேக்டஃப் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, ஆண்மகனாக நின்று இதை எதிர்கொள் என்கிறான். மேக்டஃபின் பதில் இந்த நாடகத்தில் எனக்கு மிகப் பிடித்த வரி: “எதிர்கொள்வேன். ஆனால் ஆண்மகனாக இதை உணரவும் வேண்டும் அல்லவா?”

ஆண்மை என்ற சொல்லை வைத்துத்தான் லேடி மேக்பெத் தன் கணவனைக் கொலைக்குத் தள்ளினாள். அதே சொல்லை எடுத்து மேக்டஃப் வேறு பொருள் கொடுக்கிறான். மால்கமிடம் பதில் இல்லை. சரி, இந்தத் துக்கம் உன் வாளுக்குச் சாணைக்கல்லாகட்டும் என்று பழைய பல்லவிக்கே போகிறான். பிள்ளை இழந்தவனிடம் பேசத் தெரியாத ஒரு இளைஞன், அவ்வளவுதான். இதை அப்போது அவன் கற்றுக்கொண்டானா என்று இந்தக் காட்சியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஐந்தாம் அங்கம் வரை காத்திருக்க வேண்டும்.

இந்தக் காட்சியின் நடுவில் எட்வர்ட் அரசன் கண்டமாலை (கழுத்தில் கட்டி வரும் நோய்) நோயாளிகளைத் தொட்டுக் குணப்படுத்துகிறான் என்று ஒரு துண்டுப் பேச்சு வரும். ஷேக்ஸ்பியர் காலத்தில் ஆண்ட முதலாம் ஜேம்ஸ் அரசனை மகிழ்விக்கச் சேர்த்தது என்று பலர் ஒதுக்குவார்கள். இருக்கலாம். ஆனால் நான் இங்கே வந்ததிலிருந்து இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன் என்று சொல்பவன் மால்கம். ஓடிவந்தவன் எந்த வீட்டில் தங்கி எதைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது அதில் தெரிகிறது. ஸ்காட்லாந்தில் ஒரு அரசனின் கை கொல்கிறது, இங்கே ஒரு அரசனின் கை குணமாக்குகிறது.

வரலாற்றையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாடகத்தை வரலாறாக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. நிஜ டங்கன் 1040இல் படுக்கையில் சாகவில்லை, போரில் இறந்தான். மால்கம் அப்போது சின்னப் பையன். மேக்பெத் 17 வருடம் ஆண்டான். சீவார்ட் படையெடுத்தது 1054இல், மேக்பெத் கொல்லப்பட்டது 1057இல், மால்கம் அரசனானது அதற்கும் அடுத்த வருடம். எச்சரிக்கையும் காத்திருப்பும் நிஜத்தில் இன்னும் நீளம். நாடகத்தில் எங்கோ போய் மறைந்த டொனால்பெயினும் நிஜத்தில் மறையவில்லை. 1093இல் அண்ணன் இறந்ததும் வந்து முடியை எடுத்துக்கொண்டான்.

சரி, ஐந்தாம் அங்கம். பர்னம் காட்டருகே மால்கம் ஒரு கட்டளை இடுகிறான்: ஒவ்வொரு வீரனும் ஒரு கிளையை வெட்டி முன்னால் பிடித்துக்கொண்டு நடக்கட்டும், நம் எண்ணிக்கை எதிரிக்குத் தெரியக்கூடாது. பர்னம் காடு நகர்ந்து வரும்வரை உனக்குத் தோல்வி இல்லை என்று சூனியக்காரிகள் மூலம் மேக்பெத்துக்கு ஒரு வாக்கு வந்திருந்தது. அவனுக்கு இது அந்த வாக்குப் பலிப்பது, காடு நடந்து வருகிறது. மால்கமுக்கு அந்த வாக்கு எதுவும் தெரியாது. அவனுக்கு இது வெறும் மறைப்பு. மேக்டஃபிடம் தன்னைத் தீயவனாகக் காட்டி உண்மையை வரவழைத்தவன், இப்போது ஒரு படையையே மரங்களாகக் காட்டுகிறான். வேஷம் மேக்பெத்தின் ஆயுதம் என்றுதானே அதுவரை பார்த்தோம்? கோட்டையை நெருங்கியதும் மால்கம் சொல்வது: இலைத் திரைகளை எறியுங்கள், நீங்கள் யாரோ அவர்களாகவே தெரியுங்கள். மேக்பெத்தால் ஒருபோதும் சொல்ல முடியாத வரி இது. முதல் அணியை சீவார்டும் மகனும் நடத்தட்டும், மேக்டஃபும் நாமும் மற்றதைப் பார்த்துக்கொள்கிறோம் என்று வேலையையும் பிரித்துக் கொடுக்கிறான். அந்த ‘நாம்’ அரசனின் நாம்.

மேக்பெத்தைக் கொல்வது மால்கம் இல்லை. இது அவனுக்குக் குறை என்பார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்தவனுக்குத்தான் அந்த வாள் உரிமை. மால்கம் அதற்குப் போட்டி போடாததை நான் குறையாக எண்ணவில்லை.

போர் முடிகிறது. இன்னும் வராத நண்பர்கள் நலமாக வந்து சேர வேண்டுமே என்கிறான் மால்கம். சீவார்டின் மகன் செத்துவிட்டான் என்ற செய்தி வருகிறது. கிழவர் கேட்பது ஒரே கேள்வி: காயம் முன்பக்கமா? ஆமாம் என்றதும், சரி, அவன் கடவுளின் வீரன் என்று முடித்துக்கொள்கிறார். பழைய மால்கமாக இருந்தால் இதை மெச்சியிருப்பான். ஆண்மகனாக எதிர்கொள் என்று அவன் மேக்டஃபிடம் கேட்டது இதைத்தானே. ஆனால் இப்போது அவன் சொல்வது: “இதைவிட அதிகத் துக்கத்துக்கு உரியவன் அவன். அதை அவனுக்காக நான் செலவிடுவேன்.” ‘நான்’ என்கிறான் இங்கே. படையைப் பிரிக்கும்போது ‘நாம்’, பட்டங்கள் அறிவிக்கும்போது ‘நாம்’. இறந்த பையனுக்காக அழ மட்டும் ‘நான்’. மேக்டஃபின் பதில் அவன் காதில் விழுந்திருக்கிறது.

கடைசிப் பேச்சு எனக்கு முழுத் திருப்தி தருவதில்லை. தன் பிரபுக்களை ஏர்ல் ஆக்குகிறான், ஸ்காட்லாந்தில் அந்தப் பட்டம் பெறும் முதல் ஆட்கள் இவர்களே. வெற்றிச் சூட்டில் பட்டம் கொடுப்பது முதல் அங்கத்து டங்கனை நினைவூட்டுகிறது, கொஞ்சம் வயிற்றைக் கலக்குகிறது. உன்னை நடத் தொடங்கிவிட்டேன், நன்றாக வளரச் செய்வேன் என்று டங்கன் ஒருவனிடம் சொன்னானே, அது மேக்பெத்திடம்தான். மகனும் இப்போது புதிதாக நடவேண்டியவை என்றே பேசுகிறான். இத்தனை நேரம் நாம் உள்ளே புகுந்து பார்த்த அந்தக் கணவனையும் மனைவியையும் செத்த கசாப்புக்காரன், பேய் போன்ற ராணி என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறான். அவன் பார்த்தது அவ்வளவுதான். ஆனாலும் அவள் தற்கொலை செய்துகொண்டதைச் சொல்லும்போது ‘என்று சொல்கிறார்கள்’ என்று சேர்த்துக்கொள்கிறான் பாருங்கள், காடார் பிரபுவின் மரணத்தைச் சொன்ன அதே பையன். துரத்தப்பட்டவர்களைத் திரும்ப அழைப்போம், செய்ய வேண்டியதை அளவோடும் நேரத்தோடும் இடமறிந்தும் செய்வோம் என்று சொல்லி, முடிசூட்டைப் பார்க்க எல்லோரையும் ஸ்கோனுக்கு அழைக்கிறான்.

மேக்பெத்தின் முடிசூட்டு நடந்ததும் அதே ஸ்கோனில்தான். நீ வருகிறாயா என்று அன்று ராஸ் கேட்டபோது, இல்லை, நான் ஃபைஃபுக்கு வீட்டுக்குப் போகிறேன் என்றான் மேக்டஃப். இன்று மால்கமை முதன்முதலில் அரசே என்று வாழ்த்தியவன் அவன். ஃபைஃபில் அவனுக்காக இப்போது யாரும் காத்திருக்கவில்லை.